50 மெகாபிக்சலில் பெரம்பூர்

எங்கள் வீட்டில் 1970களில் யாரும் ‘அவுட்டிங்’ போனதில்லை. மூர் மார்க்கெட்டுக்குப் போனோம், பீச்சுக்குப் போனோம், பொங்கல் முடிந்ததும் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போய் முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம் தின்றோம். காரணம் சொல்லாமல் வெளியே கிளம்புகிறவனுக்குப் பெரம்பூரில் ஊர்சுற்றி என்று பெயர். அவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இன்று அதே காரியத்தைக் குடும்பத்தோடு செய்கிறார்கள். செய்கிறவர்களுக்கு மாலில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

அப்பாவுக்கு ஐ.சி.எஃப்.பில் வேலை. 1955இல் நேரு வந்து திறந்துவைத்த தொழிற்சாலை என்பதால், நேருவே கையெழுத்துப் போட்டுத் தன்னை வேலைக்கு எடுத்த மாதிரிதான் பேசுவார். ரயில் பெட்டி செய்கிறவன் பிள்ளைகள் பஸ்ஸில் போகலாமா என்பது அவர் கட்சி. ஆகவே பெரம்பூரில் லோக்கல் ஏறி, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் வழியாக சென்ட்ரல். ஜன்னலோரத்துக்கு எங்களுக்குள் அடிதடி நடக்கும். ஜெயித்தவன் கண்ணில் கரித்தூள் விழும். பேசின் பிரிட்ஜ் நெருங்கும்போது பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் யாரும் சொல்லாமலே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கிங்ஹாம் கால்வாய்க்கு நாங்கள் செலுத்திய மரியாதை அது.

சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே மூர் மார்க்கெட். அதை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் மிருகக்காட்சிசாலை. சென்னை பாஷையில் அது உயிர் காலேஜ். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். எங்களைப் பற்றி யாராவது விசாரித்தால், “பசங்க ரெண்டு காலேஜையும் பார்த்துட்டானுங்க” என்பார் அப்பா. உயிர் காலேஜில் ஒரு சிங்கம் இருந்தது. எப்போது போனாலும் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும். அதன் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. கூண்டின் வாடை மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்குவது தனிக் கலை. வேண்டிய புத்தகத்தைத் தொடவே கூடாது. வேண்டாத நாலைப் புரட்டி, விலை கேட்டு, உதட்டைப் பிதுக்கி, போகிற போக்கில் ஐந்தாவதாக அதைக் கேட்க வேண்டும். கடைக்காரர் இந்தப் பாடத்தை நமக்கு முன்னாலேயே படித்தவர் என்பதால் சரியான விலைதான் சொல்வார். 1985 மே 30ஆம் தேதி மார்க்கெட் எரிந்துபோனது. அதே ஆண்டு உயிர் காலேஜும் வண்டலூருக்குக் குடிபோய்விட்டது. எரிந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில்கள் நிற்கின்றன. ரயில்வே மட்டும் அந்த நிலையத்தை இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே எழுதுகிறது. மார்க்கெட் போய் காம்ப்ளெக்ஸ் மிச்சம்.

மவுண்ட் ரோடு போனால் எல்.ஐ.சி. 1959இல் திறந்த 14 மாடிக் கட்டடம். எதிர்சாரியில் நின்று அண்ணாந்து மாடிகளை எண்ணுவோம். பாதியில் தவறிப்போகும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவோம். எண்ணி முடித்தால் அன்றைய நிகழ்ச்சி முடிந்தது. கட்டணம் கிடையாது. இன்று எங்கள் தெரு முனையில் எழும்பும் அடுக்குமாடி அதைவிட உயரம். அதை எண்ண ஒரு குழந்தையும் நிற்பதில்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். புளூ டயமண்டில் படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எழுப்பிவிட ஆள் வராது. என் சித்தப்பா கத்திரி வெயிலில் காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார். “என்ன படம் சித்தப்பா?” என்றால், “நல்ல ஏசி” என்பார். மால் என்ற ஒன்றைக் கண்டுபிடித்தது அமெரிக்காக்காரன் என்கிறார்கள். அதைப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தது என் சித்தப்பாதான்.

இன்றைய அவுட்டிங்குக்கு ஆயத்தம் ஒரு வாரம் நடக்கிறது. எங்கே போவது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு. பிறகு போகிற இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பார்கள். பேரன் ஒரு நாள் சொன்னான்: “தாத்தா, இந்த பீச்சுக்கு நாலரை ஸ்டார்தான்.” மிச்ச அரை நட்சத்திரத்தை வங்காள விரிகுடா எங்கே தொலைத்தது என்று கேட்டேன். “பார்க்கிங் சரியில்லையாம்” என்றான்.

சரி, கிளம்பினால் மட்டும் போய்விட முடியுமா? பெரம்பூருக்கு மெட்ரோ வருகிறது. இரண்டாம் கட்டத்தில் மொத்தம் 118.9 கிலோமீட்டர்; அதில் மாதவரத்திலிருந்து சிறுசேரிப் பக்கம் போகிற தடம் எங்கள் காலடிக்குக் கீழேயே சுரங்கமாகப் போகிறது. வந்தால் நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் அது வரும்வரை நாங்கள் வெளியே வர முடியாது என்பது ஒரு சின்ன அசௌகரியம். தகரத் தடுப்பு, மாற்றுப்பாதை, அந்த மாற்றுப்பாதைக்கு ஒரு மாற்றுப்பாதை. துணி காயப்போட்டால் காய்வதற்குள் சிமெண்ட் நிறம் வந்துவிடுகிறது. ஒருவழியாக மாலுக்குப் போய்ச் சேர்ந்து, மூன்றாவது பாதாளத்தில் வண்டியை நிறுத்தி, நிறுத்திய தூணின் எண்ணை மறக்காமல் இருக்கப் படம் எடுத்துக்கொண்டு, மேலே போய் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு போனை எடுத்துக் குனிந்துகொள்கிறார்கள். நான் ஏசியை அனுபவிக்கிறேன். சித்தப்பா நினைவு வரும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று பெருமூச்சு விடத் தயாராக இருக்கும் என் வயதுக்காரர்களைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அந்தக் காலம் கரிக்காலம்.

லோகோ ஒர்க்ஸ் ஒரு பக்கம், பின்னி மில் ஒரு பக்கம். மொட்டை மாடியில் பாட்டி வடாம் பிழிந்து காயவைப்பார். காக்காய்க்குக் கறுப்புக் குடை கட்டி வைப்பார். கரித்தூளுக்கு எதைக் கட்டுவது? சாயங்காலம் எடுக்கும்போது வடாமில் எள்ளுப் போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். ஊதிவிட்டுப் பொரிப்போம். அடுக்களையில் மரத்தூள் அடுப்பு, குளியலறைப் பக்கம் வெந்நீர் அடுப்பு, இரண்டுக்கும் நடுவே அம்மாவின் இருமல். அதை மாசு என்று யாரும் சொல்லவில்லை; சமையல் ஆகிறது என்று சொன்னார்கள். சினிமாக் கொட்டகையில் ‘புகை பிடிக்காதீர்’ என்ற சிலைடையே புகைக்கு நடுவில்தான் எழுத்துக் கூட்டிப் படிப்போம். கொஞ்சம் பின்னால் வந்த ஆட்டோக்கள் மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் நீலப்புகை விட்டுக்கொண்டு போகும். பின்னால் சைக்கிளில் போகிறவன் முகத்தைக் காட்டிக்கொண்டே போவான்.

அப்போது புகை என்பது கௌரவம். பள்ளியில் ‘நாட்டின் முன்னேற்றம்’ என்ற தலைப்பில் ஓவியப் போட்டி வைத்தார்கள். மூன்று புகைபோக்கிகள் போட்டு, மூன்றிலிருந்தும் சுருள் சுருளாகப் புகை விட்டேன். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓட ஆரம்பித்திருந்தது. அதன் உச்சியில் இரவெல்லாம் எரியும் நெருப்பை எங்கள் மாடியிலிருந்து காட்டி, “நாடு முன்னேறுதுடா” என்று அப்பா சொல்வார். என் படத்துக்கு முதல் பரிசு. ஒரு சோப்பு டப்பா. போன வருஷம் ஜூன் 5ஆம் தேதி பேத்தி பள்ளியில் சுற்றுச்சூழல் தினப் போட்டி. அவளும் மூன்று புகைபோக்கிகள் போட்டாள். அவளுக்கும் முதல் பரிசு. சோப்பு டப்பாவுக்குப் பதில் சான்றிதழ். அதுவும் போனில் வந்தது. இரண்டு தலைமுறைக்கு நடுவே மாறியது தலைப்பு மட்டும்தான். புகைபோக்கிகள் அங்கேயேதான் நிற்கின்றன.

மாசை இப்போது அளக்கிறார்கள், அது பெரிய முன்னேற்றம். முன்பு இருமலை வைத்துக் குத்துமதிப்பாகத் தெரிந்துகொண்டதை இப்போது எண்ணாகச் சொல்கிறார்கள். மருமகள் காலையில் பல் துலக்குவதற்கு முன் போனில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்ப்பாள். பூஜ்யத்திலிருந்து 50 வரை ‘நல்லது’. 51லிருந்து 100 வரை ‘திருப்திகரம்’. என் கணக்கு வாத்தியார் 51 மார்க்குக்கு இவ்வளவு திருப்திப்பட்டதே இல்லை. நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. நம் நுரையீரல் மேல் அரசாங்கத்துக்கு எட்டு மடங்கு நம்பிக்கை.

ஆனாலும் டெல்லியோடு ஒப்பிட்டால் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். அதற்கான பாராட்டு எந்தத் துறைக்கும் போகாது, கடற்காற்றுக்குத்தான் போக வேண்டும். எந்தக் காற்றை வாங்க நாலணா சுண்டலோடு பீச்சுக்குப் போனோமோ, அதே காற்று இன்றைக்குத் தினமும் வந்து ஊரைப் பெருக்கிவிட்டுப் போகிறது. சம்பளம் கேட்பதில்லை. அது ஓய்ந்த நாளில் என்ன ஆகும் என்று 2018 போகியன்று பார்த்தோம். புகையும் பனியும் சேர்ந்து பிடித்துக்கொண்டதில் விமானங்கள் மீனம்பாக்கத்தில் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. பழையன கழிக்கக் கிளம்பிய நாம் பயணிகளையும் கழித்துவிட்டோம்.

காற்றுக்கு வருகிற கொஞ்ச நஞ்ச நல்ல காலமும் விநோதமாகத்தான் வருகிறது. பாரத் 6 என்ற கறாரான புகை விதி நாடு முழுக்க அமலுக்கு வந்தது 2020 ஏப்ரல் 1. அதற்கு ஒரு வாரம் முன்பு, மார்ச் 25இல், ஊரடங்கு. சுத்தமான எரிபொருள் பெட்ரோல் பங்குக்கு வந்து காத்திருந்தது; போட்டுக்கொள்ள வண்டிதான் வரவில்லை.

போன் கதைக்கு வருகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் காற்றைப் பற்றி அரை நிமிஷமும் போனைப் பற்றி அரை வருஷமும் பேசுகிறோம்.

அந்தக் காலத்தில் போன் தேர்வு எளிது. கறுப்பு. கைக்குழந்தை எடை. ஒரே மாடல், ஒரே கம்பெனி, ஒரே மணி. வேண்டுமா வேண்டாமா என்பதைக்கூட நாம் தீர்மானிக்க முடியாது. மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சொந்தச் செலவில் பெரிய தொகை கட்டினால் வரிசையில் முன்னே தள்ளுகிற திட்டமும் ஒன்று இருந்தது, அது முதலாளிமாருக்கு. எங்கள் தெருவுக்கே ஒரு போன், ஒரு மேனேஜர் வீட்டில். உறவுக்காரர்கள் எல்லோரிடமும் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அழைப்பு வந்தால் மேனேஜர் வீட்டு மாமி மாடியிலிருந்து குரல் கொடுப்பார். தெருவே எங்களுக்கு முன்னால் ஓடும். நல்ல செய்தி, கெட்ட செய்தி எதுவானாலும் எங்களுக்குத் தெரியும்போது அது ஊர்ச் செய்தி. தனியுரிமை பற்றிப் பேரன் அடிக்கடி பேசுகிறான். அவனுக்கு மேனேஜர் வீட்டு மாமியைத் தெரியாது.

அந்தப் போனின் சுழலும் தட்டில் ஒரு குட்டிப் பூட்டு தொங்கும். சாவி மாமியின் முந்தானையில். எங்கள் ஜமாவில் ஒரு கெட்டிக்காரன், ரிசீவரை வைக்கிற கொம்பைத் தாளம் தப்பாமல் தட்டியே நம்பரைப் போட்டுவிடுவான். ஏழுக்கு ஏழு தட்டு. பூஜ்யத்துக்குப் பத்து. பூட்டு பூட்டினபடியே இருக்கும், பில் மட்டும் ஏறும். விரல்ரேகை, முகம் பார்க்கும் பூட்டு எல்லாம் வந்துவிட்ட இன்றைக்கும், எந்தப் பூட்டைப் பற்றியும் எனக்குப் பெரிய மரியாதை வராததற்கு அவன்தான் காரணம்.

பிறகு மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத் காலம். இரவு முற்ற முற்றக் கட்டணம் குறையும் என்பதால், பாசமெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பொங்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் அழுதுகொண்டிருப்பார். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், தலைக்கு மேல் ஓடுகிற சிவப்பு எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அந்த ஆண்டே சென்னைக்கும் வந்துவிட்டது, ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு கம்பெனிகள். கூப்பிட்டாலும் காசு, கூப்பிடப்பட்டாலும் காசு. ஆகவே செல்போன் வைத்திருந்தவர்கள் அதை எடுக்கமாட்டார்கள். சட்டைப் பையிலிருந்து தெரியும்படி வைத்துக்கொள்வார்கள். அப்போது நம் ஜனங்கள் கண்டுபிடித்ததுதான் மிஸ்டு கால். ஒரு மணி அடித்தால் கிளம்பிவிட்டேன், இரண்டு அடித்தால் வந்துவிட்டேன். கோடி கோடியாகக் கொட்டிக் கோபுரம் நட்டவர்களுக்கு ஒரு பைசா தராமல் குடும்பம் நடத்தினோம். 2003 வாக்கில் வரும் அழைப்பு இலவசமானது. அதோடு அந்தக் கலை மெல்ல அழிந்தது.

என் முதல் செல்போன் நோக்கியா 1100. அதைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பிடித்த நேரம், கடைக்காரர் “சார், இதுல டார்ச் இருக்கு” என்று சொல்லி முடித்த நேரம். மின்வெட்டு ஊரில் வேறென்ன வேண்டும்? 2006இல் அந்தக் கம்பெனி ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை திறந்தது. நம்மூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். இன்று அதே ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறார்கள். பெரம்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், நம்மூர்ப் பிள்ளைகள் கையால் செய்த போன் என்பதால் நமக்கு விலை குறையும் என்று நினைத்தேன். மகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

அண்மையில் எனக்கு ஒரு புதுப் போன் வாங்க வேண்டும் என்று குடும்பம் முடிவு செய்தது. பழையதற்கு என்ன கேடு என்று கேட்டேன்.

“அப்டேட் வராதுப்பா” என்றான் மகன்.

“எனக்குந்தான் வரலை.”

“என்னங்க நீங்க, பிள்ளை ஆசையா வாங்கித் தரேங்கிறான்” என்றாள் மனைவி.

அதன் பிறகு நடந்தது பெண் பார்க்கும் படலம். அரைமணி நேர வீடியோக்கள். ஒரே போனை ஒருவர் வாங்கு என்றார், ஒருவர் வாங்காதே என்றார், இன்னொருவர் அடுத்த மாதம் வருவதற்காகக் காத்திரு என்றார். ப்ராசஸர் என்ன, ரேம் என்ன, பேட்டரி 5000 எம்.ஏ.எச். போதுமா, 50 மெகாபிக்சலா 108 மெகாபிக்சலா? தாத்தா எதைப் படம் எடுக்கப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு மூன்று தெரு தள்ளி வீடு வாங்கிய ஒருவர் இத்தனை விசாரிக்கவில்லை. கொடுங்கையூர் குப்பைமேட்டுக் காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று மட்டுமாவது கேட்டிருக்கலாம். குடிவந்த பிறகு தெரிந்துகொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செல்போன் வந்த அதே 1995இல், அதற்குச் சில மாதங்கள் முன்னால், ஏப்ரலில், சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயம் கலக்காத பெட்ரோல் விற்க ஆரம்பித்தார்கள். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க அதுதான். அதற்கு முன்பு நாம் விட்ட மூச்சில், இழுத்த மூச்சில், குழந்தைகளின் ரத்தத்தில் எல்லாம் ஈயம் இருந்தது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற சமாசாரம். முதல் செல்போன் அழைப்பில் பேசியது யார் என்று போட்டித் தேர்வில் கேள்வி வருகிறது. ஈயம் போன தேதியை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒன்று சட்டைப் பையில் தெரிந்தது, மற்றது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் 50 மெகாபிக்சல் போன் வந்தது. பேரன் மாடிக்கு அழைத்துப் போய் வடக்கே காட்டிப் படம் எடுத்தான். மணலிப் பக்கம், ஒரே புகை மண்டலம். போன் தானாகவே அந்தச் சாம்பல் வானத்தை நல்ல நீலமாக்கிக் கொடுத்தது. நான் படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். “ஏ.ஐ. தாத்தா” என்றான் பெருமையாக. கூவத்தைச் சீரமைத்துப் படகு விடுகிறோம் என்று 1970களில் துறையெல்லாம் கட்டிய அரசாங்கமும், அதற்குப் பின் வந்த ஒவ்வொரு அரசாங்கமும் செய்ய முடியாததைக் கைப்பேசி ஒரு நொடியில் செய்துவிட்டது. உறவினர் குழுவில் படத்தைப் போட்டோம். பெரம்பூர் இவ்வளவு அழகா என்று துபாயிலிருந்து ஒரு மைத்துனர் கேட்டிருந்தார்.

பழைய போன் இப்போது மேசை இழுப்பறையில், அதற்கு முந்தைய போன்கள், நாலைந்து சார்ஜர்கள், யாருடையது என்று தெரியாத ஹெட்போன்கள் ஆகியோருடன் படுத்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு இழுப்பறை இருக்கும், எனக்குத் தெரியும். தூக்கிப்போட மனம் வராது, யாரும் வாங்கவும் மாட்டார்கள். அதனால்தான் கேட்கிறேன். வரும் போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது இவற்றைப் பழைய பாயோடு சேர்த்து நெருப்பில் போட்டுவிடாதீர்கள். குப்பை வண்டியிலும் போடாதீர்கள். வயரை எரித்துச் செம்பு எடுக்கிற யாராவது ஒருவர் கைக்கு அது போகும், பேட்டரி தீப்பிடிக்கும், பிளாஸ்டிக் உறை எரிந்தால் டயாக்ஸின் வரும். மின்னணுக் கழிவுக்கு 2012 முதலே நம் நாட்டில் விதி இருக்கிறது. கழிவான பிறகும் அதற்குக் கம்பெனிதான் பொறுப்பு. போன் வாங்க அரைமணி நேர வீடியோ பத்துப் பார்த்தவர்கள், அதை எங்கே கொடுப்பது என்று ஐந்து நிமிஷம் தேடினால் போதும். குப்பைமேடு எங்கள் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அண்ணாநகரில் போட்டாலும் புரசைவாக்கத்தில் போட்டாலும், எரிகிறபோது புகை முதலில் எங்களுக்குத்தான் வருகிறது.